ரிவர்ஸ் விழுந்தது: 1956 ஃபியட் டிராஸ்ஃபோர்மாபிலேவின் கியர் கம்பி வேலை

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ரிவர்ஸ் விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. பெரியவர் பிரேக்கை மிதித்தார், இன்ஜினை அணைத்தார், அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாக இந்த வண்டி பின்னால் போனதில்லை. எனக்கு ஆன செலவு ஐந்து மாதத்தில் பதினாறு சனிக்கிழமை, 206 யூரோ, உடைந்த கியர் குமிழ் ஒன்று. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதம் போனால் செய்த தப்பையெல்லாம் நைசாக மறந்துவிட்டு, முதலிலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவேன்.

வண்டி 1956ஆம் வருடத்து ஃபியட் 1100 டி.வி. டிராஸ்ஃபோர்மாபிலே. டி.வி. என்றால் தொலைக்காட்சி இல்லை, 'துரிஸ்மோ வெலோச்சே'. வேகமாகப் பயணம் போகிற வண்டி என்று அர்த்தம். டிராஸ்ஃபோர்மாபிலே என்றால் உருமாறக்கூடியது. கேன்வாஸ் கூரையை மடித்துப் போட்டால் திறந்த வண்டி, இரண்டு பேர் உட்காரலாம். 1955 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. பினின்ஃபரினா போன்ற பெரிய பெயர்கள் யாரும் வரைந்ததில்லை, ஃபியட்டின் சொந்த ஆட்களே வரைந்தார்கள். அமெரிக்க வண்டிகளைப் பார்த்து, இரு பக்கமும் வளைந்து திரும்பும் முன்கண்ணாடியை வைத்தார்கள். என்னைக் கேட்டால் முன்பக்கம் மூக்கும் முழியுமாக இருக்கும், பின்பக்கம் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போனவர் வரைந்தது மாதிரி இருக்கும். ஆனால் 1089 சிசி இன்ஜினோடு வெளிவந்தவை ஆயிரத்துச் சொச்சம்தான். 1957இல் 1221 சிசி வைத்து அதை 1200 ஆக்கினார்கள். 1959இல் பினின்ஃபரினா வரைந்த கேப்ரியோலே வந்ததும் இதன் கதை முடிந்தது. அதனால் சேகரிப்பவர்கள் கண்ணில் இதற்குத் தனி மதிப்பு.

நான் கோயம்புத்தூர்க்காரன், இத்தாலியில் தூரின் நகரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வண்டி என்னுடையது இல்லை. மிராஃபியோரி பக்கம் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவருடையது. வயது 81. முதல் தடவை அவர் பானெட்டைத் தூக்கிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது பத்மினி.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1953இல் ஃபியட் கொண்டுவந்த 1100/103 என்ற செடான்தான் இரண்டுக்கும் தாய். அந்த வழியில் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்துகொண்டிருந்த வண்டிதான் அறுபதுகளில் 1100 டிலைட் ஆகி, 1974இல் பத்மினி என்று பெயர் மாறி, 2000 வாக்கில் நின்றது. சிலிண்டர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., இங்கேயும் அதே, அங்கேயும் அதே. ஸ்டீயரிங் தண்டிலிருந்தே கியர் போடும் ஏற்பாடும் அதே. டி.வி.க்கு இரட்டை வாய் வெபர் கார்பரேட்டரும் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷனும் கொடுத்து ஐம்பது குதிரைக்குக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். பதினேழு வயதில் நான் எண்ணெய்த் துணி பிடித்தது பத்மினி பட்டறையில். ஆகவே, "இதென்ன, எங்கள் ஊர் டாக்ஸி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரியவரிடம் வாய் விட்டேன். இந்தப் பதிவில் வரும் தொல்லைகளில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தவை.

கோளாறு இதுதான். மூன்றாவது போட்டால் சில சமயம் முதல் கியர் விழும். ரிவர்ஸ் எப்போதுமே விழாது. கியர் குச்சி நுனியில் 38 மி.மீ. ஆட்டம், அதாவது அத்தனை தூரம் சும்மா ஆட்டிய பிறகுதான் கீழே ஏதோ நகரும். பெரியவர் இதற்குத் தனியாக ஒரு வாழ்க்கை முறையையே வகுத்து வைத்திருந்தார். எங்கே போனாலும் ரிவர்ஸ் தேவைப்படாத இடமாகப் பார்ப்பார். மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்துவார், முடிந்தால் சரிவில். மாட்டிக்கொண்டால் இறங்கி, கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளுவார். அந்த வயதில்!

அக்டோபரில் வேலையை ஆரம்பித்தேன். என் முதல் முடிவு, கியர்பாக்ஸ் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. ஏன் அப்படி நினைத்தேன் என்றால், ஊரில் கடைசியாக நான் பார்த்த பத்மினியில் அப்படித்தான் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கியர்பாக்ஸை இறக்க இரண்டு சனிக்கிழமை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கிளட்ச் கம்பியை விடுவித்து, குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளை எடுத்தேன். அதில் ஒன்று எழுபது வருடத் துருவோடு உட்கார்ந்திருந்தது. டீசல் ஊற்றி ஊறவிட்டு, ரிங் ஸ்பேனர்மீது இரண்டடி பைப் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது. டிராலி ஜாக்கிமேல் பலகை வைத்து இறக்கினேன். கடைசி நாலு அங்குலம் ஜாக்கியிலிருந்து சறுக்கி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கான்கிரீட் தரை, வெளியே இரண்டு டிகிரி குளிர். பெரியவர் மேலே நின்று "பியானோ, பியானோ" என்கிறார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். மெதுவாக எதைச் செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மூடியைத் திறந்தேன். பற்கள் எல்லாம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. ஃபோர்க்கில் நகம் சிக்கும் அளவுக்குக்கூடத் தேய்மானம் இல்லை. வடித்த எண்ணெயில் வெள்ளி மை மாதிரி கொஞ்சம் பொடி, அந்த வயதுக்கு அது கணக்கிலேயே வராது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு லீவர் கைகளை விரலால் தள்ளிப் பார்த்தேன். நாலு கியரும் ரிவர்ஸும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தன.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் பழைய மேஸ்திரி இப்போது பட்டறைக்குப் போவதில்லை, ஆனால் போனில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏங் கண்ணு, கியர்பாக்ஸக் கழட்டறதுக்கு முன்னால அடியில படுத்து, மேல ஒருத்தரக் குச்சிய ஆட்டச் சொல்லிப் பாத்தியா?"

"இல்லீங்க மேஸ்திரி."

"அப்பறம் என்ன மயித்துக்குக் கழட்டுன?"

பதில் இல்லை. நாலாவது சனிக்கிழமை கியர்பாக்ஸை மறுபடி ஏற்றினேன். கேஸ்கட், எண்ணெய், இரண்டு சீல் எல்லாம் சேர்த்து 64 யூரோ. எண்ணெய் எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் மேஸ்திரி சொன்னதைச் செய்தேன். பெரியவர் இருக்கையில், நான் அடியில், கையில் டார்ச். அவர் குச்சியை ஆட்டுகிறார். தண்டின் அடியிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று எந்தக் கியர் வரிசை என்று தேர்ந்தெடுக்கும், மற்றது கியரைப் போடும். அவர் ஆட்ட ஆட்ட, கம்பி மூட்டுகள் ஒவ்வொன்றும் முதலில் தன் சொந்த ஆட்டத்தை ஆடித் தீர்க்கின்றன, அதற்குப் பிறகுதான் அடுத்ததுக்குத் தகவல் போகிறது. பத்து நிமிடத்தில் தெரிந்த விஷயத்துக்கு நாலு வாரம் நெஞ்சில் இரும்பைச் சுமந்திருக்கிறேன்.

மூட்டுகளைக் கழற்றி அளந்தேன். பின்கள் 8 மி.மீ. இருக்க வேண்டும், மோசமானது 7.3க்கு வந்து முட்டை வடிவமாகியிருந்தது. பின்னைச் சுற்றி உட்காரும் புஷ் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பிசின், அது ஒரு காலத்தில் ரப்பர். கியர் போடும் வழியில் நாலு மூட்டு, சராசரியாக ஒவ்வொன்றிலும் 0.65 மி.மீ. ஆட்டம், மொத்தம் 2.6. குச்சியின் நீளம் 230 மி.மீ., கீழே இருக்கும் லீவர் கையின் நீளம் 55, ஆக நாலு மடங்குக்கு மேல் பெருக்கம். மேலே நுனியில் 11 மி.மீ. வருகிறது. கணக்கை இங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நான் அளந்தது 38. மூட்டுகள் சொல்வது 11. மீதி 27 எங்கே? கேட்கவில்லை. புஷ் மாற்றினால் சரியாகிவிடும் என்ற உற்சாகத்தில் அடுத்த படிக்குத் தாவிவிட்டேன்.

சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனிடம், வண்டிப் பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடில் பத்மினி கியர் கம்பி புஷ் செட் வாங்கி அனுப்பச் சொன்னேன். செட் 650 ரூபாய், கூரியர் 2,900. மொத்தம் 40 யூரோ பக்கம். "அண்ணா, வண்டியே இந்த விலைக்குக் கிடைக்குமே" என்று அவன் கேலி செய்தான். பொட்டலம் வர மூன்று வாரம். ரப்பர் புஷ் ஆறும் அச்சாக உட்கார்ந்தன. 1956இல் தூரினில் போட்ட துளையில், சென்னையில் வாங்கிய ரப்பர் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவியதும் 'ப்ளக்' என்று உட்காருகிறது. அந்தச் சத்தத்தில் நான் கொஞ்சம் நெகிழ்ந்தது உண்மைதான்.

நெகிழ்ச்சி ஓட்டிப் பார்க்கும் வரைக்கும்தான். ஆட்டம் குறைந்தது, ஆனால் கியர் போடுவது அல்வாவைக் கிண்டுகிற மாதிரி ஆகிவிட்டது. குச்சி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, ரப்பர் அமுங்குகிறது, கியர் விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியவில்லை. நாலு மூட்டும் ரப்பராக இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

சரி, லேத் கையில் இருக்கும்போது எதற்கு ரப்பர்? பட்டறை முதலாளி சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மெஷினைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார், சிப்ஸைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 22 யூரோவுக்குப் பித்தளை ராடு வாங்கி ஆறு புஷ் கடைந்தேன். தங்கக் காசு மாதிரி மின்னின. பின்களை 8 மி.மீ. சில்வர் ஸ்டீல் என்ற கெட்டி எஃகில் புதிதாகச் செய்தேன். பொருத்தினேன். அளந்தேன். 27.

அப்போதுதான் பழைய கணக்கு ஞாபகம் வந்தது. 38லிருந்து 11 போனால் 27. மூட்டுகள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டன, அதற்கு மேல் அவற்றிடம் ஒன்றுமில்லை. இன்னொரு திருடன் இருக்கிறான்.

அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. மணிக்கு 60 கி.மீ. தாண்டியதும் ஸ்டீயரிங் தண்டு முழுவதும் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ரீங்காரம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், தண்டோ பாடியில் இறுகப் பூட்டியது. இரண்டுக்கும் நடுவில் இரும்பு, பித்தளை, இரும்பு என்று பாலம் போட்டால் இன்ஜினின் நடுக்கம் அத்தனையும் நேராக உள்ளங்கைக்கு வரும். ரப்பர் அங்கே விலை மலிவு என்பதற்காக வைக்கப்படவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்து வைத்ததை ஒரே மதியத்தில் மின்ன மின்னக் கெடுத்துவிட்டேன்.

கடைசியில் நின்ற ஏற்பாடு இது. கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டுகளில் சென்னை ரப்பர், தண்டுப் பக்கத்து மூட்டுகளில் பி.ஓ.எம். என்ற கெட்டி பிளாஸ்டிக். பட்டறைகளில் டெல்ரின் என்றால் தெரியும். 30 மி.மீ. ராடு அரை மீட்டர் 14 யூரோ. முதலில் துளையை 8.05க்கு எடுத்தேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது அற்புதம், பதினைந்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடு ஏறியதும் குச்சி கல்லாக இறுகிவிட்டது. இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் கொஞ்சம் ஊதும். ரீமரை மறுபடி விட்டு 8.12க்குத் திறந்தேன். சூட்டிலும் குளிரிலும் இப்போது ஒரே மாதிரி. பிளாஸ்டிக் புஷ் கடையும் யாருக்கும் சொல்வேன்: இரும்புக்கு விடும் இடைவெளியை விடாதீர்கள், தாராளமாக விடுங்கள்.

இரண்டாவது திருடனைப் பிடித்தது பெரியவர்தான், நான் இல்லை. நான் அடியில் கிடந்து கம்பிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, "இந்தக் குழாயே ஆடுகிறதே, அது ஆடலாமா?" என்றார். ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்திலேயே கியர் குச்சியின் குழாய் கீழே இறங்குகிறது. அது சுழலவும் வேண்டும், கொஞ்சம் மேலும் கீழும் நகரவும் வேண்டும். பக்கவாட்டில் மட்டும் நகரக்கூடாது. அடியில் அதைத் தாங்கும் பிடியில் ஒரு வளையம் இருக்க வேண்டும். அங்கே வளையம் இல்லை. இருந்த இடத்தில் கிரீஸும் மண்ணும் இறுகிப்போய் வளையம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருந்தன. அதனால்தான் கண்ணுக்குப் படவில்லை. திருப்புளியால் சுரண்டியதும் கட்டி கட்டியாக உதிர்ந்தது, குழாய்க்கும் பிடிக்கும் நடுவே ஒரு நூலுக்கு, அதாவது மூன்று மி.மீ.க்கு, மேல் சந்து.

மீதி இருந்த பி.ஓ.எம். ராடில் வளையம் கடைந்தேன். குழாயைக் கழற்றாமல் மாட்டுவதற்காக வளையத்தை ஹாக்சாவால் ஒரு பக்கம் கீறி, விரித்து நுழைத்தேன். அரைமணி நேர வேலை. குச்சி நுனி ஆட்டம் 27லிருந்து 9க்கு வந்தது. முதல் நாளே பானெட்டைத் தூக்கி அந்தக் குழாயைக் கையால் பிடித்து உலுக்கியிருந்தால் நவம்பரிலேயே இங்கே வந்திருப்பேன்.

இந்த மகிழ்ச்சியில்தான் குமிழை உடைத்தேன். கியர் குச்சி நுனியில் தந்த நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குமிழ், இந்த வண்டியின் ஸ்டீயரிங் சக்கரத்து நிறம். குழாயைச் சரிபார்க்க அதைத் திருகி எடுக்க வேண்டியிருந்தது, வரவில்லை. துணி சுற்றிக் குறட்டில் பிடித்தேன். கால் சுற்று திரும்பியது, அப்புறம் முறுக்கு கடித்த சத்தம். மூன்று துண்டு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து மூன்றையும் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டு, காபி போடப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கள் ஊர் டாக்ஸி" என்று நான் சொன்னது எங்கே பொய்யாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தரைக்குக் கீழே இருப்பதெல்லாம் பத்மினி. அதற்குச் சென்னையில் 650 ரூபாய்க்குப் பொருள் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதெல்லாம் அந்த ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ஜி.பி. ரோடு முழுக்க அலைந்தாலும் அந்தக் குமிழ் கிடைக்காது. இங்கே பழைய பாகம் விற்கும் ஒருவர் இதேபோல ஒன்றுக்கு 180 யூரோ கேட்டார், அதுவும் நிறம் வேறு. அன்றிலிருந்து முன்கண்ணாடிப் பக்கம் ஸ்பேனரோடு போவதென்றால் போர்வை போட்டு மூடிவிட்டுத்தான் போகிறேன். அந்த வளைந்த கண்ணாடி உடைந்தால் நான் வீடு மாற வேண்டியதுதான்.

குமிழை நானே வார்க்கலாம் என்று முடிவு. மூன்று துண்டையும் கேட்டு வாங்கி ஒட்டி, இடைவெளியில் பட்டி பார்த்துத் தேய்த்து, சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்தேன். சிலிகான் 26, ரெசினும் நிறமியும் 31. முதல் வார்ப்பு வெள்ளை வெளேர் என்று பல் டாக்டர் கடை மாதிரி. இரண்டாவதில் மஞ்சள் கூடி மாம்பழம். ஒரு பொட்டு பழுப்பு சேர்த்த பிறகுதான் நிறம் பொருந்தியது, ஆனால் உள்ளே ஒரு காற்றுக்குமிழி. இப்போது வண்டியில் இருப்பது அந்த மூன்றாவது.

ரிவர்ஸுக்கு வருகிறேன். ஆட்டம் 9க்கு வந்த பிறகும் ரிவர்ஸ் விழவில்லை, மூன்றாவதற்குப் பதில் முதல் கியர் விழுவதும் நிற்கவில்லை. இப்போது மிச்சம் இருந்த ஒரே சந்தேகம், வரிசை தேர்ந்தெடுக்கும் கம்பி. அதைக் கழற்றி மேஜையில் உருட்டினேன், நொண்டி நடந்தது. நடுவில் வளைந்து, யாரோ எந்தக் காலத்திலோ நிமிர்த்தி, மேலே ஒரு குழாய்த் துண்டு போட்டு வெல்டு வைத்திருந்தார்கள். மையத்துக்கு மையம் 412 மி.மீ. இது அசல் நீளம் இல்லை என்பது தெளிவு. அசல் எவ்வளவு?

பத்மினி கம்பியின் அளவை மேஸ்திரியிடம் கேட்கலாம் என்று கை போனை எடுத்துவிட்டது. வைத்துவிட்டேன். இந்த வண்டி செடானைவிடத் தாழ்வு, தண்டு சாய்ந்திருக்கும் கோணமும் வேறாக இருக்கலாம். பாடம் ஒரு தடவை படித்தால் போதும்.

நீளம் தெரியாதபோது நீளம் மாறக்கூடிய கம்பி ஒன்றைச் செய்வதுதான் வழி. M8 மரையிட்ட கம்பி, ஒரு முனையில் நிலையான கண் (பின் நுழையும் வளையம்), மறுமுனையில் திருகி நகர்த்தக்கூடிய கண், பூட்ட ஒரு நட். M8இல் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும், அரைச் சுற்றுக்கு 0.6 சொச்சம். பழைய கம்பியைத் தொடாமல் அப்படியே ஆணியில் மாட்டிவிட்டேன், ஒப்பிட அது வேண்டும்.

412இல் ஆரம்பித்து ஒரு தடவைக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் பின்னை எடுத்து, கண்ணைத் திருகி, மாட்டி, பெரியவர் ஐந்து நிலைகளையும் போட்டுப் பார்ப்பார். நான் அடியிலிருந்து கத்துவேன், அவர் மேலிருந்து கத்துவார். மூன்றாவது சுற்றில் மூன்றாவது கியர் ஒழுங்காக மூன்றாவதாகவே விழ ஆரம்பித்தது. நாலாவது சுற்றில் 417, முதல் தடவையாக ரிவர்ஸ் கிட்டே வந்து உரசியது, முனகிக்கொண்டே விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்னொரு தப்பாகியிருக்கும். மேலும் திருகிக்கொண்டே போனேன். 420 தாண்டியதும் இந்தத் தடவை எதிர்ப்பக்கத்து வரிசை தகராறு செய்தது. ஆக 417 முதல் 420 வரை எல்லாம் விழுகிறது. நடுவில் 418.5. விளிம்பில் வைத்தால் நாளைக்குப் புஷ் கொஞ்சம் தேய்ந்ததும் பழைய கதை திரும்பும்.

நிரந்தரக் கம்பியை 10 மி.மீ. இரும்பு ராடில் செய்தேன். பின்களுக்கு வாங்கிய சில்வர் ஸ்டீலையும் சேர்த்து 9 யூரோ. பலகையில் இரண்டு பின் அடித்து ஜிக் மாதிரி வைத்து, தெரிந்த வெல்டர் கண்களை ஒட்டிக் கொடுத்தார், கூலி ஒரு பாட்டில் பார்பெரா ஒயின். ஆறியதும் அளந்தால் 417.7. வெல்டு ஆறும்போது 0.8 இழுத்துவிட்டது. விழுகிற எல்லைக்குள்தான் இருக்கிறது, விட்டிருக்கலாம். விட மனசில்லை. ஜிக்கை 419.3க்கு நகர்த்தி இன்னொன்று, அதற்கு இன்னொரு பார்பெரா. பாட்டில்களை என் செலவுக் கணக்கில் எழுதவில்லை, இரண்டுமே பெரியவர் அலமாரியிலிருந்து போனவை. இரண்டாவது கம்பி 418.4. சனிக்கிழமை ஆறரைக்கு விழுந்தது அதில்தான்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸ் வகையில் 64, சென்னைச் செட் 40, பித்தளை 22, பி.ஓ.எம். 14, இரும்பு 9, குமிழுக்கு 57. மொத்தம் 206. உண்மையில் கோளாறைச் சரிசெய்தது சென்னை ரப்பரும் பி.ஓ.எம்.மும் இரும்பும், அதாவது 63 யூரோ. மற்றதெல்லாம் என் அவசரத்துக்கும் குறட்டுக்கும் கட்டிய வரி. பதினாறு சனிக்கிழமையில் எத்தனை வீண் என்பதை எண்ணவில்லை, எண்ணவும் மாட்டேன்.

அடுத்த தடவை இந்த மாதிரித் தண்டுக் கியர் வண்டி கையில் வந்தால் குச்சி நுனியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஸ்கேலை வைத்து ஆட்டத்தை அளந்து, எங்கே எவ்வளவு கரைகிறது என்று மேலிருந்து கீழே ஒவ்வொரு மூட்டாகக் கூட்டிக்கொண்டு வருவேன். கூட்டுத்தொகை மேலே அளந்ததோடு ஒத்துப்போகாத வரை ஒரு போல்ட்டைத் தொடமாட்டேன். குமிழுக்கு ஹேர் டிரையர் போட்டுச் சூடுகாட்டி, வெறுங்கையால் திருகுவேன். பெரியவரை முதல் நாளே பானெட்டுக்குள் பார்க்கச் சொல்வேன்.

ஞாயிறு காலை சூப்பெர்கா மலைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அடிவாரத்தில் இருக்கும் சாஸ்ஸி பகுதியிலிருந்து ஏறும் வழியில் வளைவுக்கு வளைவு இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மேலே பசிலிக்காவுக்குக் கீழே நிறுத்தும் இடம் முக்கால்வாசி காலி. பெரியவர் பழக்கத்தில் சுற்றி வளைத்து மூக்கைச் சாலைப் பக்கம் திருப்பி, சரிவில் நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முன்னால் பார்த்தபடி, "தெரியும், தெரியும்" என்றார். இறங்கும்போது தூறல் போட்டது. கூரையை இழுத்து மூடியபோது இடது மூலையில் தையல் விட்டு என் தோளில் சொட்ட ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமை அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை முதலில் அளவு எடுத்துக்கொண்டு.